கேள்வி பதில்: உடம்பு முந்திக்குது, மனசு பின்னாடி வருது

போன மாசம் பயம் பத்தி ஒரு பதில் எழுதினேன், அதுக்கப்புறம் வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல கோபம், படபடப்பு, டென்ஷன் இதேதான். அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல. எழுதினவங்க பேரெல்லாம் விட்டுட்டு ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

கேள்வி: ஆண்டிபட்டி ரோட்டுல பைக்ல போயிட்டிருந்தேன், எதிர்ல லாரியை ஓவர்டேக் பண்ணிட்டு ஒரு பஸ் நேரா என் மேல வந்துச்சு. எப்படி வண்டிய மண்ணுல இறக்கினேன்னே தெரியல, தப்பிச்சிட்டேன். அப்ப ஒண்ணும் தெரியல. அஞ்சு நிமிஷம் கழிச்சு டீக்கடைல உக்காந்தா கிளாஸைப் பிடிக்க முடியல, கை நடுங்கி டீ பூரா சட்டைல கொட்டிருச்சு. கூட இருந்த பசங்க சிரிச்சாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் ஏன் நடுங்கணும்? நான் பயந்தாங்கொள்ளியா?
(தேனி)

பதில்: இல்ல தம்பி. உங்க உடம்பு அன்னைக்கு செய்ய வேண்டியதை ரொம்ப சரியா செஞ்சிருக்கு, அதோட மிச்சம்தான் அந்த நடுக்கம்.

"எப்படி இறக்கினேன்னே தெரியல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. கண்ணு, காது வழியா வர்ற சேதி மூளை நடுவுல தலாமஸ்னு ஒரு சந்திப்புக்கு வருது. அங்கேர்ந்து ஒரு வழி மூளையோட மேல் பகுதிக்குப் போகுது, அது என்ன, எவ்வளவு தூரத்துல வருதுன்னு விலாவாரியா பாக்கற இடம், கொஞ்சம் நேரம் எடுக்கும். இன்னொண்ணு குறுக்கு வழி, நேரா அமிக்டலாவுக்குப் போகுது. காதுக்குப் பக்கவாட்டுல உள்ள தள்ளி, ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணா பாதாம் பருப்பு சைஸ்ல இருக்கற பகுதி அது, கிரேக்கத்துல அமிக்டலான்னாலே பாதாம்தான். அமெரிக்காவுல ஜோசப் லெடூன்னு ஒரு ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு ஒரு சத்தத்தையும் லேசான ஷாக்கையும் சேத்து சேத்துக் கொடுத்துப் பழக்கி, அப்புறம் மூளைல ஒவ்வொரு வழியா அடைச்சுப் பாத்தாரு. சத்தத்தைக் கேக்கற மேல் பகுதியை எடுத்துட்டாலும் எலி அந்தச் சத்தத்துக்கு அப்படியே உறைஞ்சு நின்னுச்சு, ஏன்னா குறுக்கு வழி உயிரோட இருந்துச்சு. உங்களுக்கும் ஏறக்குறைய இதேதான், "பஸ்ஸு"ன்னு மனசு சொல்லி முடிக்கறதுக்குள்ள கை ஹேண்டிலைத் திருப்பிருச்சு. பயம்ங்கற உணர்ச்சி அதுக்கப்புறம் நிதானமா வந்து சேருது. இந்த லெடூவே பிற்காலத்துல அமிக்டலாவை "பயத்தோட இருப்பிடம்"னு சொல்லாதீங்க, அது ஆபத்துக்கு உடம்பை எழுப்பற இடம், பயமா *உணர்றது* வேற வேலைன்னு திருத்தி எழுதினாரு, எனக்கும் அதுதான் சரியா படுது.

இப்ப நடுக்கத்துக்கு வர்றேன். சிறுநீரகம் ரெண்டுக்கும் மேல தொப்பி வெச்ச மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கு. அதோட உள் பகுதிக்கு நரம்பு வழியா நேரா உத்தரவு போகுது, அட்ரினலின் ரத்தத்துல கலக்குது, இதயம் அடிச்சுக்குது, கல்லீரல் சர்க்கரையை ரத்தத்துல இறக்குது, தோலுக்கும் குடலுக்கும் போற ரத்தம் குறைஞ்சு தொடைக்கும் தோளுக்கும் திரும்புது. 1915ல வால்டர் கேனன்னு ஒரு ஹார்வர்ட் பேராசிரியர் இதையெல்லாம் ஒண்ணா கோத்து, சண்டை போடறதுக்கோ ஓடறதுக்கோ உடம்பு பண்ற ஏற்பாடு இதுன்னு சொன்னாரு. ஆனா நீங்க சண்டையும் போடல ஓடவும் இல்ல, ஒரு திருப்பு திருப்பிட்டு டீக்கடைல உக்காந்துட்டீங்க. ஓட வேண்டிய ஆளுக்கு ஏத்தின சரக்கு எல்லாம் உக்காந்திருக்கற ஆளோட சதைல நிக்குது. அட்ரினலின் நேரடியா சதையைப் பிடிச்சு நடுங்க வைக்கும், வண்டியை இறுக்கிப் பிடிச்சிருந்தப்ப அது தெரியாது, டீ கிளாஸ் மாதிரி லேசான ஒண்ணைத் தூக்கினாதான் தெரியும். கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். அடுத்த தடவை இப்படி ஆனா உடனே வண்டியை எடுக்காதீங்க, கொஞ்சம் நடந்துட்டு வாங்க. சிரிச்ச பசங்ககிட்ட இந்தப் பக்கத்தைக் காட்டுங்க.

கேள்வி: நான் பனியன் கம்பெனில டெய்லர். பீஸ் கணக்கு குறைஞ்சா லைன்ல எல்லாரும் பாக்க சூப்பர்வைசர் கத்துவாரு, வாயைத் திறக்க முடியாது. வீட்டுக்கு வந்தா ஆறு வயசு பையன் ஹோம்வொர்க் நோட்டைக் காணோம்னு சொன்னா போதும், கை தானா போயிருது. அடிச்சிட்டு நானே உக்காந்து அழுவேன். அவன் என்ன பண்ணான்? நான் என்ன மாதிரி அம்மா?
(திருப்பூர்)

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு மூணு தடவை படிச்சேன்மா. அவன் ஒண்ணும் பண்ணல, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கு. அடிக்கறது தப்புதான், அதை நான் மழுப்பப் போறதில்ல. ஆனா ஏன் கை போகுதுன்னு தெரிஞ்சாதான் நிறுத்த வழி தெரியும்.

1962ல அமெரிக்காவுல அல்ரிக், அஸ்ரின்னு ரெண்டு பேர் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டாங்க. ஒரு கூண்டுல ரெண்டு எலி, அமைதியா இருக்கறதுங்க, தரைல இருக்கற கம்பி வழியா கால்ல ஷாக் அடிச்சா ரெண்டும் பின்னங்கால்ல எழுந்து நின்னு ஒண்ணை ஒண்ணு தாக்குது. ஷாக் கொடுத்தது பக்கத்துல இருக்கற எலி இல்ல, ஆனா கைக்கு எட்டற தூரத்துல இருக்கறது அதுதான். காட்டுல பபூன் குரங்குக் கூட்டத்தைப் பாத்தவங்களும் இதையே சொல்றாங்க, பெரிய ஆண் குரங்குகிட்ட அடி வாங்கினது திரும்பி தன்னை விட சின்னதைக் கடிக்குது. கோபம் வலி கொடுத்தவன்கிட்ட போக முடியலன்னா பள்ளமான பக்கம் பாஞ்சிருது, உங்க வீட்டுல அந்தப் பள்ளத்துல நிக்கறது பையன்.

கோபத்துக்கும் மூளைல இடம் இருக்கு. சூரிச்ல வால்டர் ஹெஸ்னு ஒருத்தர் பூனைங்களோட மூளைக்குள்ள மெல்லிசு கம்பியை இறக்கி, ஹைப்போதலாமஸ்ங்கற பகுதில துளி கரண்ட் விட்டாரு. சும்மா உக்காந்திருந்த பூனை முதுகைத் தூக்கி முடியைச் சிலுப்பி நகத்தை நீட்டிச் சீறுச்சு, கரண்டை நிறுத்தினா சட்டுனு பழைய பூனை. அவருக்கு 1949ல நோபல் பரிசு கொடுத்தாங்க. நம்ம எல்லாருக்குள்ளயும் அந்த ஸ்விட்ச் இருக்கு, அதை அமுக்காம பிடிச்சு வைக்கறது நெத்திக்குப் பின்னாடி இருக்கற முன் மூளை, நம்ம பிரேக் அதுதான். பிரச்சனை என்னன்னா, டென்ஷன் ஏற ஏற முதல்ல பலம் குறையறது அந்த பிரேக்குதான், கூடவே பசி, தூக்கமில்லாம இருக்கறது எல்லாம் சேந்தா சொல்லவே வேணாம்.

இதுல ரெண்டாவது ஒரு சுற்றும் இருக்கு. அட்ரினலின் நிமிஷக் கணக்குல கரைஞ்சிரும்னு மேல சொன்னேன், அது முதல் அலை. ரெண்டாவது அலை கார்டிசால்ங்கற ஹார்மோன். ஹைப்போதலாமஸ் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்லி, பிட்யூட்டரி ரத்தம் வழியா அட்ரினலோட வெளிப் பகுதிக்குச் சொல்லி, மூணு கை மாறி வர்றதால திட்டு வாங்கின இருபது முப்பது நிமிஷம் கழிச்சுதான் அது உச்சத்துக்கு வரும், இறங்க இன்னும் நேரம் ஆகும். காலைலேர்ந்து நாலு தடவை திட்டு வாங்கினா ஒண்ணு இறங்கறதுக்குள்ள இன்னொண்ணு. சாயங்காலம் கதவைத் தொறந்துக்கிட்டு வர்றது நீங்க மட்டும் இல்ல, அந்த நாள் முழுக்க சேந்தது எல்லாம் கூடவே வருது.

டென்ஷன்னா பெரிய பதவில இருக்கறவங்களுக்குன்னு ஒரு நெனப்பு நம்ம எல்லாருக்கும் உண்டு. 1967ல லண்டன்ல ஆரம்பிச்சு பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள் பதினேழாயிரத்துக்கும் மேல வருஷக்கணக்கா கவனிச்சாங்க, மைக்கேல் மார்மட் அதுல முக்கியமான ஆளு. இதய நோயில செத்துப் போனது மேலதிகாரிங்களை விட அடிமட்ட ஊழியருங்க மூணு மடங்கு. பீடி சிகரெட், பிபி எல்லாம் கழிச்சுப் பாத்தாலும் வித்தியாசம் முழுசா போகல. அதே குழுவோட பிந்தின ஆய்வுல தன் வேலைல தனக்கு ஒரு சொல்லுகூட இல்லாத நிலைமைதான் பெரிய காரணமா தெரிஞ்சுது. எலிலயும் இதைப் பாத்திருக்காங்க: ரெண்டு எலிக்கும் ஒரே அளவு ஷாக், ஆனா ஒண்ணுகிட்ட சக்கரத்தைத் திருப்பி நிறுத்தற வசதி இருந்தா அதுக்கு வயித்துல புண்ணு கம்மி, பக்கத்துல வசதி இல்லாததுக்கு அதிகம். அச்சம் வர்ற நாலு வழியை தொல்காப்பியம் சொல்றப்ப அணங்கு, விலங்கு, கள்வர், அப்புறம் "தம் இறை"ன்னு முடிக்குது, அதாவது நமக்கு மேல அதிகாரத்துல இருக்கறவங்க. புலிக்கும் திருடனுக்கும் பக்கத்துலயே வெச்சிருக்காங்க பாருங்க. வாயைத் திறக்க முடியாதுன்னு நீங்க எழுதினதுதான் உங்க நோய்க்கு மூலம், உங்க குணம் இல்ல.

என்ன பண்ணலாம்? பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா வீட்டுக்குள்ள போகாதீங்க. ஒரு வாழைப்பழமோ பன்னோ சாப்பிடுங்க, பத்து நிமிஷம் நடங்க, நடக்கறப்ப மூச்சை இழுக்கறதை விட விடறதை நீளமா விடுங்க. மூச்சு வெளிய போறப்ப வேகஸ்ங்கற நரம்பு இதயத்தை மெதுவாக்குது, நாடியைப் பிடிச்சுப் பாத்தா உங்க விரலுக்கே தெரியும், இழுக்கறப்ப வேகமாவும் விடறப்ப மெதுவாவும் துடிக்கும். வீட்டுல நோட்டு, ஹோம்வொர்க் பேச்செல்லாம் முதல் அரை மணி நேரத்துக்கு வேணாம். கை போச்சுன்னு தோணுச்சுன்னா குளிக்கற ரூமுக்குப் போய் முகத்துல பச்சைத் தண்ணி அடிங்க, அதுவும் இதே நரம்பு வழியாதான் வேலை செய்யுது. நேத்து வரைக்கும் அடிச்சதுக்கு பையன்கிட்ட "அம்மா பண்ணது தப்பு, உன் மேல தப்பு இல்ல"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க, ஆறு வயசுக்கு அது நல்லாவே புரியும். லைன்ல பக்கத்து மெஷின்ல இருக்கறவங்களும் இதையேதான் சுமந்துக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க, அவங்ககிட்ட பேசுங்க, ஒருத்தரா கேக்க முடியாததை நாலு பேரா கேக்க முடியும்.

கேள்வி: பயத்துலயும் புல்லரிக்குது, கோயில்ல பம்பை உடுக்கை அடிக்கறப்பவும் புல்லரிக்குது. ரெண்டும் ஒண்ணா?
(ஈரோடு)

பதில்: உடம்பு அளவுல ஒண்ணுதான். ஒவ்வொரு முடி வேருலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன தசை இருக்கு, அட்ரினலினை எழுப்பற அதே நரம்புக் கூட்டம் அதை இழுக்குது, முடி நட்டுக்குது. பூனைக்கு அதனால உடம்பு பெருசா தெரியும், குளிருக்கும் கதகதப்பு. நமக்கு முடி குறைஞ்சு போச்சு, தசை மட்டும் மிச்சம். இசை கேட்டு சிலிர்க்கறப்ப மூளைல சந்தோஷத்துக்கான பகுதிங்க வேலை செய்யறதை 2001லயே ஸ்கேன்ல பாத்திருக்காங்க. தோல் ஒரே பதிலைத்தான் சொல்லுது, அதுக்கு அர்த்தம் வைக்கறது மனசு. உணர்ச்சிக்கு நம்ம பழைய பேரு மெய்ப்பாடு, மெய்னா உடம்பு, உடம்புல படறதுன்னு அர்த்தம். எனக்கு இந்தத் துறைல ரொம்பப் பிடிச்ச வார்த்தை அது.

கேள்வி: எக்ஸாம் ஹாலுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு தடவை பாத்ரூம், சாப்பாடு தொண்டைல இறங்காது. டென்ஷன்ல அல்சர் வரும்னு அப்பா பயமுறுத்தறாரு.
(பிளஸ் டூ மாணவி, விருதுநகர்)

பதில்: நான் சொன்ன கேனன், மாணவரா இருந்தப்ப, எக்ஸ்ரே கண்டுபிடிச்ச புதுசுல, பூனைக்கு எக்ஸ்ரேல தெளிவா தெரியற பிஸ்மத்ங்கற பொருள் கலந்த தீனி வெச்சு வயிறு எப்படி அசையுதுன்னு பாத்துக்கிட்டிருந்தாரு. பூனை பயந்தாலோ கோபப்பட்டாலோ வயிறு அப்படியே நின்னு போச்சு, தடவிக் கொடுத்தா திரும்ப அலை அலையா அசைஞ்சுது. அவரோட பின்னாடி வேலை எல்லாத்துக்கும் விதை அதுதான்னு சொல்வாங்க. உனக்கும் அதேதாம்மா, மேல் வயிறு நிக்குது, அதான் இட்லி இறங்கல, பெருங்குடல் மட்டும் வேகமா தள்ளுது, அதான் பாத்ரூம். எக்ஸாம் காலைல வயிறு முட்ட சாப்பிடச் சொன்னா கேக்காத, கஞ்சியோ பழமோ போதும், ஒரு மணி நேரம் முன்னாடியே முடிச்சிரு. அல்சருக்கு பெரும்பாலும் காரணம் ஹெலிகோபேக்டர்ங்கற கிருமியும் வலி மாத்திரைகளும்தான், கிருமியைக் கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005ல நோபல் கிடைச்சுது. டென்ஷன் இருக்கற புண்ணை ஆற விடாது, அது உண்மை. ஆனா எக்ஸாம் படபடப்புல ஒரு வாரத்துல அல்சர் வந்துராது, அப்பாகிட்ட சொல்லு.

கேள்வி: பயமே இல்லாத மனுஷங்க உண்மையிலேயே இருக்காங்களா?
(காரைக்குடி)

பதில்: ஒருத்தர் இருக்காங்க, மருத்துவ ஆய்வுகள்ல எஸ்.எம்.னு மட்டும் குறிப்பிடுவாங்க, அமெரிக்கப் பெண்மணி. அபூர்வமான பரம்பரை நோய் ஒண்ணுல ரெண்டு பக்க அமிக்டலாவும் சுண்ணாம்பு படிஞ்சு அழிஞ்சு போச்சு. பாம்பு விக்கற கடைக்குக் கூட்டிட்டுப் போனா நாக்கைத் தொட்டுப் பாக்கப் போறாங்க, பேய் வீடுன்னு செட்டு போட்ட இடத்துல முன்னாடி நடந்து போறாங்க. ஒரு நாள் ராத்திரி பூங்காவுல ஒருத்தன் கழுத்துல கத்தி வெச்சான், பேசி விடுபட்டு நடந்தே வீட்டுக்குப் போனாங்க, மறுநாள் அதே பூங்கா வழியாவே வந்தாங்க. கேக்க வீரம் மாதிரி இருக்கும். யோசிச்சுப் பாருங்க, எந்த இடம் ஆபத்துன்னு உடம்பு கத்துக்கவே இல்லன்னா வாழ்க்கை பூரா அடி வாங்கிக்கிட்டே இருக்கணும், அவங்க அப்படித்தான் நிறைய ஆபத்துல மாட்டியிருக்காங்க.

இதுல என்னை உலுக்கின விஷயம் 2013ல வந்துச்சு. அவங்களையும் இதே நோய் இருக்கற இன்னும் ரெண்டு பேரையும் 35 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்தை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னாங்க, ஆபத்தில்லாத அளவுதான், மூச்சு முட்டற மாதிரி இருக்கும். மூணு பேரும் கதிகலங்கி மாஸ்க்கைப் பிடுங்கி எறியப் பாத்தாங்க. பாம்பு வரல, கத்தி வரல, ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறினதும் பயம் வந்துருச்சு. வெளியிலேர்ந்து வர்ற ஆபத்துக்கு அமிக்டலா வேணும், உடம்புக்குள்ளேர்ந்து கிளம்பற ஆபத்துக்கு வேற கதவு இருக்கு.

கேள்வி: சுனாமி வந்தப்ப எனக்குப் பதினோரு வயசு. அக்கரைப்பேட்டைப் பக்கம் எங்க வீடு, அக்காவைப் பறிகொடுத்தோம். இப்ப கல்யாணமாகி திருச்சில இருக்கேன். பொண்ணுக்கு அஞ்சு வயசு, பாட்டி வீட்டுக்குப் போனா பீச்சுக்குப் போகணும்னு அழறா. தெருமுனைல அலைச் சத்தம் கேட்டாலே எனக்கு நெஞ்சு அடைக்குது, உள்ளங்கை வேத்துருது, அவளை இழுத்துக்கிட்டு வந்துடறேன். இருபது வருஷம் ஆச்சு, இன்னுமான்னு வீட்டுல கேக்கறாங்க.
(திருச்சி)

பதில்: இருபது வருஷம் உங்க வீட்டு காலண்டருக்கு ஆச்சும்மா, அமிக்டலாவுக்கு காலண்டர் கிடையாது. 2004 டிசம்பர் 26, ஞாயித்துக்கிழமை காலைல நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரத்துக்கும் மேல உயிர் போச்சு. அந்த மாதிரி நேரத்துல அட்ரினலினும் அதோட சேந்தவையும் "இதை மறக்கவே கூடாது"ன்னு மூளைல முத்திரை குத்திருது. எந்த நாள், எந்த இடம்ங்கற விவரத்தை ஹிப்போகேம்பஸ்னு பக்கத்துல இருக்கற இன்னொரு பகுதி எழுதி வைக்கணும், அவ்வளவு பெரிய அதிர்ச்சில அது சரியா எழுதாம போயிருக்கலாம். அதனால சத்தம் மட்டும் தனியா நிக்குது, தேதி இல்லாம. இன்னைக்குக் கேக்கற அலையும் அன்னைக்குக் கேட்டதும் உடம்புக்கு ஒண்ணுதான். உங்களை அது ஏமாத்தல, காப்பாத்தத்தான் பாக்குது.

இழுத்துக்கிட்டு வந்துடறேன்னு எழுதியிருக்கீங்களே, அந்த இடத்துலதான் முடிச்சு. ஓடி வந்ததும் நெஞ்சு லேசாகுது, உடம்பு "ஓடினதாலதான் பொழைச்சோம்"னு குறிச்சு வெச்சுக்குது, அடுத்த தடவை இன்னும் முன்னாடியே அடிக்குது. இதை மாத்தறதுக்கு பழைய ஞாபகத்தை அழிக்க முடியாது, அது இருக்கும். அதுக்கு மேல புதுசா ஒண்ணை எழுத முடியும், "சத்தம் கேட்டுச்சு, ஒண்ணும் ஆகல"ன்னு. முன் மூளையோட நடுப் பகுதி அந்தப் புது எழுத்தை வெச்சு அமிக்டலாவை அமர்த்துது. புது எழுத்து எழுதணும்னா படபடப்பு ஏறி, நீங்க அங்கயே நின்னு, அது தானா இறங்கறதை உடம்பு பாக்கணும். உச்சத்துல இருக்கறப்ப கிளம்பிட்டா எழுத்து பதியாது.

தனியா பண்ண வேணாம். மாவட்ட அரசு மருத்துவமனைல மனநல டாக்டர் இருக்காங்க, இந்த மாதிரி பயத்துக்கு படிப்படியா கூட்டிட்டுப் போற சிகிச்சை உண்டு. கிளம்பறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணும்னா 14416, டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி நம்பர், எந்த நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பயம் ஒரு தடவை அடங்கி, புயல் சின்னம்னு நியூஸ்ல சொன்ன ராத்திரி திரும்ப வந்துச்சுன்னா தோத்துட்டதா நெனைக்காதீங்க, புது எழுத்து அமைதியான இடத்துல நல்லா வேலை செய்யும், இடம் மாறினா கொஞ்சம் தடுமாறும், எல்லாருக்கும் அப்படித்தான்.

அடுத்த லீவுக்குப் போறப்ப பொண்ணை முதல் நாளே கூட்டிட்டுப் போகாதீங்க, அவ பாட்டிகிட்ட இருக்கட்டும். வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு, நல்ல வெயில் இருக்கறப்ப, அந்தத் தெருமுனை வரைக்கும் மட்டும் போங்க. கடல் தெரியணும்னு இல்ல, சத்தம் கேட்டா போதும். அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சை நீளமா விட்டுக்கிட்டு, நெஞ்சு அடிக்கறது குறையற வரைக்கும் அங்கயே நில்லுங்க, பத்து நிமிஷமோ நாப்பது நிமிஷமோ. குறைஞ்சப்புறம் திரும்பி வாங்க. மறுநாள் அதே தெருமுனை, அதுக்கும் மறுநாள் பத்து அடி முன்னாடி. எத்தனை நாள்ல மணலைத் தொட்டீங்கன்னு எனக்கு எழுதுங்க, நான் காத்திருப்பேன்.